காஞ்சிப் பட்டில் ஒரு கலகக் குரல்

பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் இடம் கிடைக்காத தமிழ்ப் பெண், இரவு விடுதி மேடையேறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. உஷா உதுப்பின் குரலை சினிமா ஒதுக்கவும் இல்லை, முழுதாக ஏற்கவும் இல்லை. அவர் நடிக்க வந்தபோதும் அதே கதைதான்.

மூணாறிலிருந்து

ஆண்டு 1969. சென்னை மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்துக்குள் இருந்த 'நைன் ஜெம்ஸ்' என்ற சின்ன இரவு விடுதி. அந்தக் காலத்தில் இதுபோன்ற இடங்களில் பாட வரும் பெண்களுக்கென்று ஒரு தோற்றம் இருந்தது: பளபளக்கும் கவுன், குட்டை முடி, பெரும்பாலும் ஆங்கிலோ இந்தியப் பெயர். அன்று மைக்கின் முன் வந்து நின்ற உஷா ஐயரோ பட்டுப்புடவை உடுத்தியிருந்தார். நெற்றியில் பொட்டு. வாரியார் சுவாமிகளின் கதாகாலட்சேபத்துக்குப் பின்பாட்டுப் பாட வந்தவரோ என்று யாராவது நினைத்திருந்தால் தப்பில்லை. அவர் வாயைத் திறந்ததும் வந்தது அமெரிக்காவின் ஜாஸும் பாப்பும், அதுவும் ஆண் குரலா பெண் குரலா என்று ஒரு நொடி தயங்க வைக்கும் கனத்த குரலில்.

உறவினர் வீட்டுக்கு வந்த இடத்தில் கிடைத்த வாய்ப்பு அது. அதற்குப் பிறகு அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பம்பாயில் 'டாக் ஆஃப் தி டவுன்', கல்கத்தா பார்க் ஸ்ட்ரீட்டில் 'ட்ரிங்காஸ்', டில்லியில் ஓபராய் ஹோட்டல் என்று மேடைகள் நீண்டன. எங்கே போனாலும் புடவைதான். தன்னிடம் வேறு உடை இல்லாததால்தான் அன்று புடவையில் போனதாக அவர் பிற்பாடு பேட்டிகளில் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஆனால் பார்த்தவர்களுக்கு அது சாதாரணமாக இருக்கவில்லை. புடவை கட்டிய பெண் குடும்பப் பெண், இரவு விடுதியில் பாடுபவள் வேறு வகை என்று சினிமா பத்தாண்டு பத்தாண்டாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தை அந்தக் காட்சி ஒரே அடியில் குழப்பியது.

ராக் இசையைக் கூர்ந்து கவனிப்பவர்கள் 'பங்க்' என்ற சொல்லை 1976, 77 லண்டனோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ் போன்ற குழுக்கள் பயிற்சி பெற்ற குரலும் வித்வத்தும் தேவையில்லை, சொல்ல விஷயம் இருந்தால் மேடை ஏறலாம் என்று கிளம்பிய காலம் அது. பங்க் என்பது ஆங்கிலத்தில் முதலில் ஒரு வசைச்சொல். தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால் 'காவாலி', 'உதவாக்கரை' என்று எதுவோ பக்கத்தில் வரும், சரியாகப் பொருந்தாது. திட்டியவர்களின் வார்த்தையையே எடுத்துப் பட்டமாகச் சூட்டிக்கொண்டார்கள் அந்த இளைஞர்கள். எக்ஸ் ரே ஸ்பெக்ஸ் குழுவின் பாலி ஸ்டைரீன், சோமாலியத் தந்தைக்கும் ஸ்காட்டிஷ் ஐரிஷ் தாய்க்கும் பிறந்தவர், பல்லில் கம்பி மாட்டிய கோலத்திலேயே மேடையில் கத்திப் பாடினார். அழகாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயத்தையே அவர் கேலி செய்தார்.

உஷா உதுப் பங்க் பாடகி அல்ல. அப்படி அவரை யாரும் அழைத்ததும் இல்லை. அவர் பாடியது பாப், ஜாஸ், டிஸ்கோ, சினிமாப் பாட்டு, பிறகு பக்திப் பாட்டும்கூட. ஆனால் 'உன் குரல் சரியில்லை' என்று சொன்னவர்களின் முன்னாலேயே அந்தக் குரலை ஆயுதமாக்கிய விஷயத்தில் லண்டன் பிள்ளைகளுக்கு ஏழெட்டு வருடம் முந்தியவர் இவர்.

பம்பாயில் 1947 நவம்பரில் பிறந்தவர். தந்தை அங்கே போலீஸ் அதிகாரி, பூர்வீகம் தமிழ்நாடு. பைகுல்லா புனித ஆக்னஸ் பள்ளியில் படிக்கும்போது பாட்டு வகுப்பில் இவருடைய குரல் மற்ற பெண்களின் குரலோடு சேரவில்லை. வகுப்பிலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் இந்தப் பெண்ணுக்குள் இசை இருக்கிறது என்று உணர்ந்து தாளம் தட்டும் வாத்தியங்களைக் கையில் கொடுத்தார்களாம். வீட்டிலோ அக்காமார்கள் 'சாமி சிஸ்டர்ஸ்' என்று மேடைகளில் பாடிக்கொண்டிருந்தார்கள். ரேடியோ சிலோன் நாள் முழுக்க ஒலித்தது. அதே ரேடியோ சிலோன் நிகழ்ச்சி ஒன்றில் அமீன் சயானி இவருக்கு முதல் மைக்கைக் கொடுத்தபோது வயது ஒன்பது. முறையான சங்கீதப் பயிற்சி எதுவும் அவருக்குக் கிடையாது. அதை ஒளித்ததும் கிடையாது.

அறுபதுகளின் இறுதியில் எச்.எம்.வி. அவருடைய ஆங்கிலப் பாடல்களை இசைத்தட்டாக்கியது. ஆங்கிலத்தில் பாடும் இந்தியப் பாடகியின் தட்டுகள் விற்கும் என்று கம்பெனிக்கே அப்போதுதான் தெரிந்திருக்கும். கென்யாவுக்குப் போனவர் ஸ்வாஹிலி மொழியில் 'மலைக்கா'வைப் பாட, அதிபர் ஜோமோ கென்யாட்டா கவுரவக் குடியுரிமை வழங்கினார். இன்று அவர் பாடும் மொழிகளின் எண்ணிக்கையை இந்தியாவில் 17, வெளிநாட்டில் 8 என்று கணக்குச் சொல்கிறார்கள். எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு மொழியிலும் அந்தந்த ஊர்க்காரர்களைச் சேர்ந்து பாட வைப்பதுதான் அவருடைய வித்தை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இது பொறாமை தரும் விஷயம். நாம் ஒரு வாக்கியத்துக்கு அரை நாள் மல்லாட வேண்டியிருக்கிறது.

ட்ரிங்காஸில் பாடிக்கொண்டிருந்தபோது அறிமுகமானவர் ஜானி சாக்கோ உதுப். கோட்டயம் பக்கத்துக் குடும்பம், தேயிலைத் துறையில் வேலை. மூணாறுக்காரர்களுக்கு இந்த முகவரி அந்நியமல்ல. 1972ல் இடுக்கி மாவட்டம் பிறக்கும் வரை தேவிகுளம் தாலுகாவும் மூணாறும் கோட்டயம் மாவட்டத்தில்தான் இருந்தன. தமிழ் பிராமணப் பெண், மலையாள சிரியன் கிறிஸ்தவர், சந்தித்த இடம் வங்காளத்து இரவு விடுதி. 1971ல் திருமணம். உஷா ஐயர் உஷா உதுப் ஆனார். கொச்சியில் சில காலம் வாழ்ந்த பிறகு கல்கத்தாவே நிரந்தர ஊராயிற்று. நெற்றிப் பொட்டில் வங்காள எழுத்தான 'க' ஏறியது அந்த ஊரின் மேல் கொண்ட பிரியத்தால்.

தேயிலை மலைகளில் மேற்கத்திய இசை என்றால் அது கிளப்புக்குள் இருப்பது. மூணாறின் ஹைரேஞ்ச் கிளப் நூறு ஆண்டைக் கடந்தது. வேட்டையாடிய மிருகங்களின் கொம்புகளும், நீண்ட காலம் உழைத்து ஓய்வுபெற்ற துரைமார்களின் தொப்பிகளும் சுவரில் மாட்டியிருக்கும் அங்குள்ள பார், ஆண்களுக்கு மட்டும் என்றே அமைக்கப்பட்டது. கிராமபோனும் பியானோவும் அந்தச் சுவருக்குள். வெளியே லயங்களில் தப்பும், ஒப்பாரியும், பிறகு ரேடியோ சிலோனும், அதன் பிறகு டேப் ரிக்கார்டரில் இளையராஜாவும். இந்த இரண்டு உலகங்களும் ஒரே தேயிலைச் சரிவில் ஒரு மைல் இடைவெளியில் இருந்தும் ஒன்றின் பாட்டு மற்றொன்றின் காதில் விழுந்ததில்லை. புடவை கட்டிய பெண் கிளப் பாட்டைப் பாடுவது எவ்வளவு பெரிய வேலி தாண்டல் என்பது இங்கிருந்து பார்த்தால்தான் சரியாகப் புரியும்.

சினிமா அவரை உடனே கண்டுகொண்டது. 1970ல் ஜேம்ஸ் ஐவரியின் 'பாம்பே டாக்கி'யில் சங்கர் ஜெய்கிஷன் இசையில் பாடினார். அடுத்த ஆண்டு தேவ் ஆனந்தின் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'வில் ஆஷா போன்ஸ்லேயுடன் சேர்ந்து ஆங்கில வரிகள். 1972ல் 'பாம்பே டு கோவா'. நம்மூர் 'மெட்ராஸ் டு பாண்டிச்சேரி'யின் இந்தி வடிவம் அது. அதில் உஷா, உஷாவாகவே திரையில் தோன்றி ஆங்கிலத்தில் பாட, இன்னும் நட்சத்திரமாகாத அமிதாப் பச்சன் ஆடுகிறார். நடிப்பு என்று சொல்ல முடியாவிட்டாலும், முகத்தைத் திரை மறக்காதபடி பதித்த காட்சி.

தெற்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1974ல் கே.எஸ். சேதுமாதவனின் மலையாளப் படம் 'சட்டக்காரி'. லட்சுமி ஆங்கிலோ இந்தியப் பெண்ணாக நடித்த படம். ஜி. தேவராஜன் இசையில் ஆங்கிலப் பாட்டுக்கு உஷா. 1975ல் தமிழில் 'மேல்நாட்டு மருமகள்'. பிரெஞ்சுப் பெண் தமிழ்க் குடும்பத்துக்கு மருமகளாக வரும் கதை. குன்னக்குடி வைத்தியநாதன் இசை. இங்கும் ஆங்கிலப் பாட்டுக்கு உஷா. தாய்மொழி தமிழாக உள்ள பாடகியைத் தமிழ் சினிமா முதலில் கூப்பிட்டது ஆங்கிலத்தில் பாடத்தான். அவருடைய குரல் 'வெளியாள்' குரல். வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் குரல் உச்சஸ்தாயியில் மெல்லிசாக ஒலிக்க வேண்டும் என்று ஐம்பதுகளிலிருந்தே பின்னணி இசை ஒரு சட்டம் போட்டுவிட்டது. அதை மீறும் குரல் கிளப்புக்குப் போகும், அல்லது எல்.ஆர். ஈஸ்வரியைப் போல அம்மன் பாட்டுக்குப் போகும்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. பாடகர்தான் நடிகர், நடிகர்தான் பாடகர் என்பதே தமிழ் நாடக மேடையின் பழைய ஏற்பாடு. கே.பி. சுந்தராம்பாளின் குரலை யாரும் மெல்லிய குரல் என்று சொல்லமாட்டார்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையின் கடைசி வரிசைக்கு எட்டவேண்டிய குரல் அது. 1935ல் 'நந்தனா'ரில் ஆண் வேடத்தில் நடிக்க அவருக்குக் கொடுத்த சம்பளம் ஒரு லட்சம் ரூபாய் என்பது சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் செய்தி. பின்னணிப் பாட்டு வந்து பாடுபவரையும் நடிப்பவரையும் பிரித்த பிறகு, அந்தக் குரலுக்குக் கிடைத்தது ஔவையார் வேடம்: பெண்தான், ஆனால் கிழவி. 1965ல் 'திருவிளையாட'லில் சுந்தராம்பாளை ஔவையாராக்கிய ஏ.பி. நாகராஜன்தான் பத்து வருடம் கழித்து 'மேல்நாட்டு மருமக'ளை இயக்கி உஷாவைப் பாட வைத்தவர். கனத்த பெண் குரலின் மேல் அவருக்கு ஏதோ நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

இந்தியில் டிஸ்கோ அலை வந்தபோது உஷாவுக்கு வசந்தம். 1980ல் 'ஷான்', 'ப்யாரா துஷ்மன்', 1981ல் 'அர்மான்', 1982ல் 'டிஸ்கோ டான்ஸர்'. கடைசிப் படத்தில் பப்பி லஹிரியுடன் அவர் பாடிய பாட்டின் மெட்டு, இங்கிலாந்தின் பக்கிள்ஸ் குழு 1979ல் வெளியிட்ட, வீடியோ வந்து ரேடியோ பாடகனைக் கொன்ற கதையைச் சொல்லும் பாட்டிலிருந்து வந்தது என்பது ரசிகர்கள் அறிந்த ரகசியம். பங்க் அலை ஓய்ந்த இடத்தில் முளைத்த புது இசை, பம்பாய் வழியாகச் சோவியத் யூனியன் தியேட்டர்கள் வரை போனது. தமிழில் 1990ல் மணிரத்னத்தின் 'அஞ்சலி'யில் இளையராஜா அவரை அழைத்தார். இம்முறை தமிழிலேயே பாட. அந்த வேகமான பாட்டைக் கேசட்டில் தேய்த்துக் கேட்ட தலைமுறை இன்று நடுவயதில் இருக்கிறது.

அதற்கிடையில் கல்கத்தாவில் ஒரு வழக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில் மேற்கு வங்க இடதுசாரி அரசின் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, உஷாவின் பாட்டு 'அபசம்ஸ்கிருதி' என்று சொல்லி அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை போட்டார். வங்காளிகளின் இந்தச் சொல்லுக்குப் பண்பாட்டுச் சீரழிவு என்று தமிழில் எழுதலாம், ஆனால் மூலத்தில் இருக்கும் முகச்சுளிப்பு அதில் வருவதில்லை. சுத்தமானது, அசுத்தமானது என்று பிரித்துத் தள்ளிவைக்கும் தொனி அது. சாதி வித்தியாசம் பார்க்கமாட்டோம் என்று சொன்னவர்கள் பாட்டில் அதைப் பார்த்தார்கள் என்பதுதான் வேடிக்கை. உஷா அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. நீதிமன்றம் போனார், ஜெயித்தார். ஊரைவிட்டும் போகவில்லை. இதே காலத்தில் பிரிட்டனில் பங்க் குழுக்களுக்கு நகராட்சிகள் அரங்கு தர மறுத்த கதைகளையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், மறுத்தவர்களின் கட்சி மட்டும்தான் வேறு என்று தெரியும்.

மேற்கே பங்க் பாடகர்கள் நடிக்கப் போனது வாடிக்கையான விஷயம். டொயா வில்காக்ஸ் 1978ல் டெரெக் ஜார்மனின் 'ஜூபிலி'யில் நடித்தார், பாட்டையும் நடிப்பையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டே காலம் தள்ளினார். கிளாஷின் ஜோ ஸ்ட்ரம்மர் 1989ல் 'மிஸ்டரி ட்ரெய்'னிலும் இக்கி பாப் 1995ல் 'டெட் மே'னிலும் ஜிம் ஜார்முஷுக்காக நடித்தார்கள். கேரளத்திலும் இந்த வழி திறந்திருக்கிறது. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) படத்தில் குழிக்குள் விழும் சுபாஷாக நடித்த ஸ்ரீநாத் பாசி, கொச்சி ராக் குழு ஒன்றில் பாடகராக இருந்தவர்தான். முப்பது வயதில் நாயகனோ நாயகனின் நண்பனோ ஆகலாம், ஆண் என்றால்.

உஷாவுக்குப் பேசி நடிக்க வேண்டிய பெரிய வேடம் வந்தது 2006ல், ஐம்பத்தெட்டு வயதில். ஜோஷி இயக்கிய 'போத்தன் வாவா'வில் மம்மூட்டியின் அம்மா, குரிசுவீட்டில் மரியம்மா. அதட்டலும் அன்புமாக, ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தும் கிறிஸ்தவத் தாய். திருமணத்தின் மூலம் அவர் வாழ்ந்து பார்த்த உலகம் என்பதால் சட்டையும் முண்டும் உடுத்தாமலே அந்த மனுஷி நம்பும்படி இருந்தார். படம் சுமார்தான். ஆனால் மம்மூட்டியின் எதிரே நின்று குரல் தாழாமல் வசனம் பேசும் அம்மாக்கள் மலையாளத்தில் அதிகம் இல்லை. 2010ல் கமல்ஹாசன் எழுதி கே.எஸ். ரவிகுமார் இயக்கிய 'மன்மதன் அம்பு'வில் மாதவனின் அம்மா. மகனுக்கு வரப்போகும் நடிகை மருமகளைச் சந்தேகிக்கும் பணக்காரத் தாய்க்கு அந்தக் குரல் பொருந்தியது, வேடம்தான் சிறிது. 2011ல் விஷால் பரத்வாஜின் '7 கூன் மாஃப்'. ரஸ்கின் பாண்ட் கதை. ஏழு கணவர்களைக் கட்டும் பிரியங்கா சோப்ராவுக்கு உடந்தையான வேலைக்காரி மேகி. மூன்றிலும் இதுவே சிறந்தது. வாய் பேசாத நேரத்திலும் விஷயம் தெரிந்த முகம்.

அதே படத்தில் ரஷ்ய நாட்டுப்பாடல் 'கலிங்கா'வின் மெட்டில் அமைந்த பாட்டை ரேகா பரத்வாஜுடன் சேர்ந்து பாடினார். இருவருக்கும் ஃபிலிம்ஃபேர் விருது. 40 ஆண்டுகளுக்கு மேல் பின்னணி பாடிய பிறகு வந்த சிறந்த பாடகி விருது. அந்த ஆண்டுதான் பத்மஸ்ரீயும்.

சுந்தராம்பாளுக்கு ஔவையார், உஷாவுக்கு மரியம்மாவும் மேகியும். இளம் பெண்ணாக இருந்தபோது அந்தக் குரலுக்கு ஒரு கதாபாத்திரம் எழுத யாருக்கும் தோன்றவில்லை. வயதாகி, பெண்மையைப் பற்றிய எதிர்பார்ப்பு தளர்ந்த பிறகு அம்மா வேடத்தில் அனுமதித்தார்கள். இதில் யாரையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாதுதான். ஆனால் 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த பெம்பிளை ஒருமைப் பெண்களின் கோஷங்களைக் கேட்டவர்கள், நம் பெண்களின் குரல் நிஜத்தில் எந்த ஸ்தாயியில் இருக்கிறது என்பதை அறிவார்கள். 20 சதவிகித போனஸுக்காகத் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுங்கச் சொன்ன ஆயிரக்கணக்கான தேயிலைத் தொழிலாளிகளின் குரல் அது. சினிமாவில் அப்படிப் பேசும் கதாநாயகி இன்னும் அரிது.

உஷாவோ தன்னைப் பாடகி என்று சொல்லிக்கொள்வதைவிட, கூட்டத்தோடு பேசுபவள் என்று சொல்லிக்கொள்வதையே விரும்புகிறார். கேரளத்தில் மேடை ஏறினால், இந்த மண்ணின் அழகைப் பற்றிய அந்த ஒரு மலையாளப் பாட்டைப் பாடாமல் அவரை இறங்க விடுவதில்லை. தமிழர், மலையாள மருமகள், வங்காள வாசி. மூன்று மாநிலமும் அவரைத் தங்கள் ஆள் என்கின்றன. மொழியை வைத்து யார் மண்ணின் மைந்தர் என்று அடிக்கடி கேள்வி எழும் இந்த எல்லை மலையில் இருப்பவர்களுக்கு, இப்படியும் ஒருவர் சமாளிக்க முடியும் என்பது ஒரு செய்தி.

உடை விஷயத்திலும் அவர் இளகவில்லை. முதுமையில் வசதிக்காக கான்வாஸ் ஷூவுக்கு மாறினார். அதையும் காஞ்சிப் பட்டுத் துண்டுகள் ஒட்டித் தைத்து, புடவைக்குப் பொருத்தமாக அணிகிறார். லண்டன் பங்குகள் கிழிந்த சட்டையில் ஊக்கு குத்திக்கொண்டதற்கு இது எந்த விதத்தில் குறைச்சல்?

2024 அவருக்கு இரண்டையும் கொடுத்த ஆண்டு. ஏப்ரலில் குடியரசுத் தலைவர் கையால் பத்மபூஷண். ஜூலை 8ஆம் தேதி கல்கத்தாவில் ஜானி சாக்கோ உதுப் மாரடைப்பால் காலமானார். இருவரும் சந்தித்த ட்ரிங்காஸ் இன்றும் பார்க் ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. நைன் ஜெம்ஸ் இருந்த சஃபையர் வளாகம் 1994லேயே மூடப்பட்டுவிட்டது. அதே 2024ல் ட்ரிங்காஸ் மேடையில், 76 வயதில், பட்டுப்புடவையில் நின்று, தன் பேத்தி வயதுள்ள அமெரிக்கப் பாடகி மைலி சைரஸின் 'ஃப்ளவர்ஸ்' பாட்டை அவர் பாடிய வீடியோ செல்போன் செல்போனாகப் பரவியது. காதலன் போனால் என்ன, எனக்கான பூவை நானே வாங்கிக்கொள்வேன் என்று சொல்லும் ஒரு பெண்ணின் பாட்டு அது. சுருதியைக் கீழே இறக்கி, தன் குரலுக்குச் சவுகரியமான இடத்தில் வைத்துத்தான் பாடினார்.